கடலுக்குப் பொருத்தமாக ஒரு கொடி

அன்றைக்குக் கரையில் நடந்த பஞ்சாயத்தில் அப்பா இருந்தார், மாமா இருந்தார், எங்கள் வலையை அறுத்த விசைப்படகுக்காரர் இருந்தார், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நானும் இருந்தேன். இல்லாதவர் என் ஓவிய சார் மட்டும்தான். அவர் சிதம்பரத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். அவரையும் இழுத்து வந்து அந்தச் சுடுமணலில் நிறுத்தியிருக்க வேண்டும். (இந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை.)

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடப் படி ஏறியவன் நான். டிராயிங் மாஸ்டர் ஆகிவிடலாம் என்று ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து பஸ் பிடித்து, சார் தன் வீட்டு மாடியில் நடத்திய வகுப்புக்குப் போனேன். முதல் பாடம் வண்ணங்களின் உறவு. பழைய பத்திரிகைகளைக் கிழித்து ஒட்டி கொலாஜ் செய்து, பிறகு அதையே பெயிண்டில் வரைய வேண்டும். நான் நீலத் தாளின் மேல் ஆரஞ்சை ஒட்டினேன். சார் அதைத் தூக்கிக் காட்டி, "இது படமா, பரோட்டா கடை போர்டா? ரெண்டு கலரும் அடிச்சுக்குது பாருங்க" என்றார். வகுப்பே சிரித்தது. நீலத்துக்குப் பக்கத்தில் நீலப்பச்சையை வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று அமைதியாக அடங்குமாம்.

கொதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், கண்ணில் பட்டது வலைக் கொடி. கடலில் விரித்த வலை மேல் வேறு படகு ஏறிவிடாமல் இருக்க, மிதவையில் மூங்கில் நட்டு அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருப்போம். ஆரஞ்சுச் சேலை. எல்லாக் கொடிகளையும் பிடுங்கிப் போட்டேன். நீலம், நீலப்பச்சை, சாம்பல் என்று துணித்துண்டுகளை அடுக்கித் தைத்துப் புதுக் கொடிகள் கட்டினேன். "கடலோட ஒத்துப் போவுது பாருப்பா" என்று பெருமை வேறு. (அந்த வாயில் நாலு போட ஆள் இல்லை.) மாமா தலையைச் சொறிந்தார். "படிச்ச புள்ள செய்யறான், நீ சும்மா இரு மச்சான்" என்று அப்பா அவரை அடக்கிவிட்டார்.

மறுநாளே விசைப்படகு ஏறி வலை கந்தலானது.

கொடி கட்டிய வலையை அறுத்தால் அறுத்தவர் தண்டம் கட்ட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதைச் சொல்லி அப்பா நெருப்பாக நின்றார். விசைப்படகுக்காரருக்கும் கோபம் குறைச்சல் இல்லை. "கொடி தெரிஞ்சா நான் ஒதுங்க மாட்டனா? கொண்டு போயி கடல்ல நடுங்க. இங்கேர்ந்து யாருக்காச்சும் தெரியட்டும், மொத்தப் பணமும் கட்டறேன்."

மாமா படகில் போய் ஒரு கொடியை மிதக்கவிட்டுத் திரும்பினார். ஊரே நெற்றியில் கையை வைத்துப் பார்த்தது. கடல்தான் தெரிந்தது. பாடம் அவ்வளவு கச்சிதமாக வேலை செய்திருந்தது. தைத்த எனக்கே கொடி தெரியவில்லை.

"அதோ தெரியுதே," என்றார் அப்பா. "நல்லாத்தான தெரியுது. எம்புள்ள கட்டுன கொடி."

அவர் விரல் நீட்டிய பக்கம் வெறும் தண்ணீர். மாமா கொடியை விட்டது தெற்கே, அப்பா காட்டியது வடக்கே. யாராவது சிரித்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. விசைப்படகுக்காரர்கூடத் தரையைப் பார்த்தார்.

இப்போதும் வீட்டில் நான் சாவியைத் தேடினாலும் செருப்பைத் தேடினாலும், அம்மா வடக்கே கையை நீட்டி "அதோ தெரியுதே" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தண்டம் கிடைக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் செய்யாமல், புது வலைக்காக அப்பா எண்ணி வைத்தது எண்பத்தாறாயிரம் ரூபாய்.