முனிசாமி என்ற பெயரைக் காப்பாற்றப் புறப்பட்டவர்

எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெயர்க்காவலர் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரியவர் ஒருவர் இறந்து, காரியம் முடிந்து, பந்தியில் வடை இரண்டாம் முறை வரும் நேரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவரு பேரு மட்டும் அழிஞ்சிடக் கூடாது" என்று அறிவிப்பவர் அவர்தான். அடுத்துப் பிறக்கும் ஆண் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தே ஆகவேண்டும் என்பார். யாருடைய குழந்தைக்கு? தங்கையின் குழந்தைக்கு, தம்பியின் குழந்தைக்கு, அதுவும் இல்லையென்றால் இன்னும் பெண்ணே பார்க்காத சித்தப்பா மகனுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு. அவருக்கும் ஒரு மகன் இருப்பான். அவன் பெயர் அஷ்வினாக இருக்கும்.

இந்த இனத்தில் பெண்கள் குறைவு. பெயரை வைப்பது ஒரு நாள் வேலை, வைத்த பெயரைச் சொல்லி நாளெல்லாம் கத்துவது தங்கள் வேலை என்பது அவர்களுக்குத் தெரியும்.

திருப்பதி ஹரிபாபுவை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மாதிரி. ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரஷர் கேஜ்களைச் சோதிக்கிற வேலை. முள் எதைக் காட்டினாலும் நம்பமாட்டார். வேறு கேஜோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அவருடைய அப்பா முனிசாமி, சத்தியவேட்டுக்கு அந்தப் பக்கம் எல்லையோரக் கிராமம் ஒன்றில் வாழ்நாளில் பாதிக்குமேல் அடுத்தவர் நிலத்தில் உழுதவர். கடைசிக் காலத்தில்தான் சொந்தமாக ஓர் ஏக்கர் வாங்கி வேர்க்கடலை போட்டார். போன மார்கழியில் இறந்துபோனார்.

காரியத்தன்று ஹரிபாபு அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிள்ளை பெறும் வயதைத் தாண்டியவர்கள் பலமாகவே ஆட்டினார்கள். தங்கை சுமித்ரா மட்டும் ஆட்டவில்லை. மூன்று மாதக் கர்ப்பிணியான அவள் வீட்டுக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அதைச் சம்மதம் என்று ஹரிபாபு எடுத்துக்கொண்டார்.

பெயர்க்காவலருக்கு முதல் அறிகுறி, தோற்ற ஆராய்ச்சி. ஒரு பெயருக்கு எத்தனை தோற்றம் இருக்கமுடியும்? கேட்பவர் எத்தனை பேரோ அத்தனை. தொழிற்சாலைக் கேன்டீனில் ஹரிபாபு சொல்கிற முனி, மலைக்குகையில் மௌனமாகத் தவமிருப்பவர். சாமி என்றால் தலைவர். ஆக முனிசாமி என்றால் முனிவர்களுக்கெல்லாம் தலைவர். கேன்டீன்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். ஊரில் இருக்கிற முனி வேறு. அது ஏரிக்கரைப் பனைமரத்தடியில் இருக்கிறது, சுருட்டும் சாராயமும் கேட்கிறது, உச்சிப் பொழுதில் குறுக்கே போனால் கன்னத்தில் அறைகிறது. இந்தத் தகவல் கேன்டீனுக்குக் கொண்டுவரப்படவில்லை.

பெயருக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருந்தபோது ஒரு முறை கேட்டதற்கு அவர் சுருக்கமாகவே சொன்னார்: "எங்கம்மாவுக்கு மூணு புள்ளைங்க பொறந்து தங்கல. நாலாவது நானு. முனி காலடில கொண்டுபோய் போட்டு, இது உன் புள்ள, உன் பேரு, நீயே பாத்துக்கோன்னு சொல்லிட்டு எடுத்துக்கினு வந்துட்டாங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான். அடுத்தவர் பிள்ளை என்று எழுதிவைத்தால் எமன் கதவைத் தட்டமாட்டான் என்று ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாடு எழுபத்தோரு வருடம் வேலை செய்தது. ஹரிபாபுவின் தொழிற்சாலையில் எந்தக் கேஜும் அவ்வளவு காலம் ஒழுங்காகக் காட்டியதில்லை.

இரண்டாவது அறிகுறி, புள்ளிவிவரம். சுற்றுவட்டாரக் கிராமங்களின் வாக்காளர் பட்டியலை இணையத்தில் இறக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, எந்த வயதில் எத்தனை முனிசாமி என்று வரைபடம் போட்டார் ஹரிபாபு. எழுபதைத் தாண்டியவர்களில் கல்லை விட்டெறிந்தால் ஒரு முனிசாமி மேல்தான் விழும். அப்போதெல்லாம் ஒரே ஊரில் பம்புசெட்டு முனிசாமி, மிலிட்டிரி முனிசாமி, ரெட்டைச்சுழி முனிசாமி என்று அடைமொழி போட்டுத்தான் சமாளித்திருக்கிறார்கள். அடைமொழி எதுவும் மிச்சமில்லாமல் போனதால் ஹரிபாபுவின் அப்பா வெறும் முனிசாமி. ஐம்பது வயதுக்காரர்களிடம் வந்தால் சாமியைக் கழற்றிவிட்டு முனிரத்தினம், முனிகிருஷ்ணா, முனிசேகர் என்று புது எஞ்சின் பூட்டியிருக்கிறார்கள். நாற்பதுக்குக் கீழே முனியும் போய்விட்டது, எல்லாம் கிஷோர்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை விசாரித்தால் பாதிப் பெயர்கள் 'ஷ்' என்று முடிகின்றன, வால்வு கசிகிற மாதிரி.

வரைபடத்தில் கோடு மேலே ஏறி, வளைந்து, இறங்கி, தரையோடு படுத்துவிட்டது. அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். நான்கு கட்டைவிரல்கள் வந்தன. நாகலாபுரத்துப் பெரியப்பா மகன் ஏகாம்பரம் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார்.

மூன்றாவது அறிகுறியைக் காவலரால் பார்க்கமுடியாது. மனைவிதான் பார்ப்பாள்.

"உங்க நைனா பேரு அவ்ளோ ஒசத்தின்னா நம்ம அஷ்வினுக்கே மாத்திடலாமே?" என்றாள் ருக்மணி, இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டே.

"சும்மா மாத்த முடியுமா? ஆதாரு, ஸ்கூல் சர்டிபிகேட்டு, பாஸ்போர்ட்டு..."

"பாஸ்போர்ட்டா? அவனுக்கு எட்டு வயசு. மெட்ராஸே பாத்ததில்ல."

"எடுப்போம்ல."

"சரி, பொறந்தப்பவே வெச்சிருக்கலாமே? யாரு தடுத்தா?"

ஹரிபாபு இட்லியைப் பிட்டார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அப்ப அந்தப் பேருக்கு ஆள் இருந்தாரு" என்றார்.

ருக்மணி சட்னியை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

சித்தூரில் சுமித்ராவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவள் கணவர் கோபிகிருஷ்ணன் மாங்காய்க் கூழ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், சாந்தமான மனிதர். ரேயான்ஷ் என்று பெயர் பார்த்துவைத்திருப்பதாகப் போனில் சொன்னார். ஹரிபாபுவுக்கு வால்வு கசிவது காதில் கேட்டது. தொட்டில் போடும் நாளன்று மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். பாகாலாவில் வண்டி நின்ற நேரத்தில் எதிர்சீட்டுக்காரரிடம் மொத்த ஆராய்ச்சியையும் ஒப்பித்தார். அவர் தெலுங்குக்காரர். கண் கலங்கிவிட்டது. "மா தாத பேரு கூட முனிசாமியே" என்று தன் தாத்தாவை நினைத்துக்கொண்டார். நல்ல பெயர்கள் எல்லாம் போய்க்கொண்டே இருக்கின்றன என்று இருவரும் வருத்தப்பட்டார்கள். அவருடைய மகன் பெயர் என்ன என்று ஹரிபாபு கேட்டார். சாய் தேஜா. ஒரே இனத்தைச் சேர்ந்த இருவர் கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

சித்தூர் வீட்டில் சமரசப் பேச்சு கூடத்தில் தொடங்கியது.

"மச்சான், ரெண்டையும் சேத்து ரேயான்ஷ் முனின்னு வெச்சிக்கலாமா?" என்றார் கோபிகிருஷ்ணன்.

"முனி தனியா வந்தா பேயி, மாப்ள."

"அப்ப முனீஷ்?"

ஹரிபாபு அவரைப் பார்த்த பார்வையில் கோபிகிருஷ்ணன் பந்தல்காரரைத் தேடிப் போய்விட்டார்.

தாய்மாமன் மடியில் குழந்தையைக் கிடத்துவார்கள், அவன்தான் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லவேண்டும். அதனால் கடைசி அதிகாரம் தன்னிடம் இருப்பதாக ஹரிபாபு நம்பினார். அதைச் சொல்லிவிடலாம் என்று தங்கை இருந்த அறைக்குள் போனார். அவள் குழந்தைக்கு மை இட்டுக்கொண்டிருந்தாள்.

"ண்ணா, நீ இன்னா சொல்லப்போறன்னு தெரியும். நான் ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு இது சேட்ட பண்ணா இன்னான்னு கத்துவேன்? டேய் முனிசாமின்னா?"

"கத்தினா இன்னா? உன் புள்ளதானே?"

"நைனாவ அப்டித்தான் எல்லாரும் கூப்ட்டாங்க. நீ ஹாஸ்டலுக்குப் போய்ட்ட. நான் வூட்லயே கேட்டுக்கினு வளந்தேன். நெலத்துக்காரரு வூட்டுப் பையன், ட்ரவுசர்கூட ஒழுங்கா நிக்கல, நம்ம வாசல்ல நின்னுக்கினு 'டேய் முனிசாமி, வர சொன்னாங்கடா'ன்னுவான். நைனா துன்ற சோத்த அப்டியே வெச்சிட்டு எந்திரிச்சுப் போவாரு. அந்தப் பேரு எங்காதுல டேயோடதான் கீது. தனியா எடுக்க வரல."

"அதுக்குத்தான் சுமி சொல்றேன். இப்ப நாம அத மரியாதையா—"

"உன் பேரு எப்டி வந்துது, தெரியுமா உனுக்கு?"

"அவருக்குப் புடிச்சிருந்துது, வெச்சாரு."

"நல்லா புடிச்சிருந்துது! தெலுங்குல பெரிய வூட்டுப் புள்ளய பாபுன்னுதானே கூப்புடுவாங்க? பேரே பாபுன்னு முடிஞ்சா எவனும் டேய் போட முடியாது, நெலத்துக்காரரே ஆனாலும் உன்ன பாபுன்னுதான் கூப்புட்டு ஆவணும். அதுக்கோசரம் வெச்சாரு. எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. பேரனுக்கு உன் பேரு வெக்கட்டுமா நைனான்னு நான்தான் கேட்டேன், போன வருசம். 'வாணாம்மே, அது எங்கூடவே போவட்டும்'னாரு."

ஹரிபாபு திறந்திருந்த மைச்சிமிழை எடுத்து மூடினார்.

மாவட்டத்தில் உள்ள அத்தனை பெயர்களின் தோற்றத்தையும் துருவியவர், ஆதாரில் இருக்கும் தன் பெயரை ஒரு நாளும் துருவவில்லை. எந்தக் காவலரும் துருவுவதில்லை. டிப்ளமோ முடித்து ஊருக்குப் போனபோது அந்த நிலத்துக்காரர் அவரைப் பார்த்து, "ரா பாபு, கூர்ச்சோ" என்று நாற்காலியைக் காட்டினார். டிப்ளமோவுக்குக் கிடைத்த மரியாதை என்று ஹரிபாபு உட்கார்ந்தார். இன்றுவரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார், துண்டு கக்கத்தில் இருந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதையும் டிப்ளமோ கணக்கில்தான் ஹரிபாபு எழுதியிருந்தார்.

"ண்ணா, நேரமாவுது" என்றாள் சுமித்ரா. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கூடத்தில் மனைப்பலகை போட்டு உட்காரவைத்தார்கள். குழந்தை மடிக்கு வந்தது. கோபிகிருஷ்ணனின் அம்மா பொன்னியம்மா வெற்றிலையால் குழந்தையின் காதுக்கு மறைப்புப் பிடித்தபடி, இந்த மனிதன் என்ன பெயரை உள்ளே விடப்போகிறானோ என்று அவருடைய வாயையே பார்த்தாள். ஹரிபாபு குனிந்தார்.  ருக்மணி ஓரடி முன்னால் வந்தாள்.

"ரேயான்ஷ்பாபு" என்றார். மூன்று தடவை. காதில் சொல்லவேண்டியது கூடம் முழுக்கக் கேட்டது.

"மச்சான், பாபு எங்கேந்து வந்துது?" என்றார் கோபிகிருஷ்ணன். "சர்டிபிகேட்டுக்கு ரேயான்ஷ்னு குடுத்தாச்சே?"

"சேத்துக் குடுங்க மாப்ள. ஒண்ணும் ஆவாது."

"கொழந்த பேரு மாதிரியே இல்லியே" என்றாள் பொன்னியம்மா. "ரிடையர் ஆன டிரைவர் பேரு மாதிரி கீது."

"இருக்கட்டும் அத்த" என்றாள் சுமித்ரா. "மாமன் வெச்சது."

அண்ணன் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அது வீறிட்டது. "இன்னா பாபு, இன்னா வேணும் பாபு?" என்று தோளில் தட்டிக்கொண்டே உள்ளே போனாள். கோபிகிருஷ்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு, சேர்த்தே கொடுத்துவிடலாம் என்றார். முனிசாமி என்ற பெயர் யாருக்கும் வைக்கப்படவில்லை. அது தன் சொந்தக்காரரோடு போயிற்று, அவர் சொன்னபடி.

ஹரிபாபு திருந்திவிட்டார் என்று நினைக்கவேண்டாம். இந்த இனம் திருந்துவதில்லை. பெயரின் பின்பாதியை யாராவது கழற்றிவிட்டார்களா என்று வாரம் ஒருமுறை சித்தூருக்குப் போன் போட்டுச் சோதிக்கிறார். தடுப்பூசி அட்டையில் ரேயான்ஷ் என்று மட்டும் எழுதிய நர்ஸைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் காவலர் சித்தப்பாவா, ஒன்றுவிட்ட அண்ணனா என்று விரல் மடக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மடக்குங்கள். நடுவில் ஒரு தடவை உங்கள் மகனைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். நல்ல பெயர்தான், வாயில் லேசாக வருகிறது. உங்கள் அப்பாவின் பெயர் என்ன? அதுவும் நல்ல பெயர்தான். அழிந்துபோகக் கூடாத பெயர் என்று உங்களுக்கே தோன்றுகிறது, இல்லையா?

சரி. உங்கள் தங்கைக்குப் பிரசவம் எப்போது?