ஒருதடவை சாரும் இரண்டு ஜோசப்புகளும்

எண்பதுகளின் கடைசியில், புனே நகரத்திலேயே எதையும் இரண்டாம் முறை செய்யாத ஒரே மனிதர் எங்கள் அலுவலக 'ஒருதடவை சார்'தான். காலையில் வணக்கம் சொன்னால் பதில் உண்டு. மத்தியானமும் சொன்னால் முறைப்பார். இரண்டாவது டீயை யார் நீட்டினாலும், "அதான் குடிச்சாச்சே!" என்பார். தன் கல்யாணத்தில் மூன்று முறை மாலை மாற்றச் சொன்ன புரோகிதரோடு சண்டை போட்டாராம். நான் பார்க்கவில்லை, என் டைரியில் 'கேள்விப்பட்டது' என்றே குறித்திருக்கிறேன்.

அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததே அவருக்காகத்தான் என்று தோன்றும். குவார்ட்டர்ஸ் கேட்டு மனுப் போட்டவர்களின் பட்டியலை அதில் எடுத்தார். வருடா வருடம் மனுப் போட்டவர்களின் பெயர்கள் மூன்று, நான்கு தடவை வந்தன. சாருக்கு முகம் சிவந்தது. கம்ப்யூட்டரிடம் கேட்கும் கேள்வியில் 'டிஸ்டிங்க்ட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தட்டினார். ஒரே மாதிரி வரிகளில் ஒன்று மட்டும் மிஞ்சியது. பட்டியலில் பெயர், செக்‌ஷன், அவ்வளவுதான்.

"பாத்தீரா, எவ்வளவு சுத்தம்!" என்று என் மேஜைவரை கொண்டுவந்து காட்டினார்.

மறுநாள் மூன்று மணிக்கு வீடு ஒதுக்கும் கூட்டம். இரண்டரைக்கு ஸ்டோர்ஸ் ஜோசப் ஓடிவந்தார். போபோடியில் ஒற்றை அறை, ஒழுகும் கூரை, மனைவிக்கு ஒன்பதாம் மாதம்.

"சார், லிஸ்ட்ல என் பேரு இல்ல."

"இருக்கே. ஏ. ஜோசப், ஸ்டோர்ஸ்."

"அது கோர்படி ஜோசப் சார். நான் போபோடி ஜோசப்!"

"ஒரே பேரு, ஒரே செக்‌ஷன். ரெண்டாவது எதுக்கு?"

"அதை என் வீட்டுக்காரிகிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க சார். நான் சொன்னா அடி விழும்."

நான் சிரித்துவிட்டேன். ஜோசப் சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். "நம்பரைப் பாருங்க சார். அவரு வேற, நான் வேற."

சார் அட்டையையே பார்த்தார். "நம்பரை நான் கேக்கவே இல்லியே..." என்றார், தனக்குள்.

உட்கார்ந்தார். ஊழியர் நம்பரையும் சேர்த்து, அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டார். பிரின்ட்டர் கிறீச்சிட்டு நகர்ந்தது. ஒருவர் கீழ் ஒருவராக இரண்டு ஜோசப்புகள். தாளைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வீடு கிடைத்தது. குழந்தை பிறந்தபின் பார்க்கப் போனோம். ஜோசப்பின் மனைவி டீ கொடுத்தார். சார் குடித்தார். விவரம் தெரியாமல் அந்தம்மா இன்னொரு டம்ளரும் கொண்டுவர, ஜோசப் கண்ணைக் காட்டித் தடுத்தார். சார் வாங்கிக்கொண்டார்.

"இவரு பேரை அழிச்சது நான்தாம்மா. மன்னிச்சிருங்க."

ஒரு வாய் குடித்தார். பிறகு மறுபடியும், "மன்னிச்சிருங்க" என்றார்.

அன்றைய டைரியில் 'சார் இரண்டாவது டீ குடித்தார்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்றை அடிக்க இன்றுவரை மனம் வரவில்லை.