மாமனார் விரலில் டங்ஸ்டன்

"கழலுதா, இல்லையா?"

"கழலாம எங்க போயிரும்? சும்மா நைநைன்னு அரிக்காத!" என்று மனைவி வியாகுலமேரியின் மேல் எரிந்து விழுந்தார் சந்தனராஜ்.

இடது கை மோதிர விரலை ஒரு கறுப்பு வளையம் கவ்விப் பிடித்திருந்தது. விடிந்தால் ஆவூர்க் கோயிலில் மகள் சோபியாவுக்குக் கல்யாணம். பாதிரியார் மந்திரித்து மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மோதிரம், மாமனார் விரலில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது!

எல்லாம் ஆத்திரத்தால் வந்த வினை. தங்கத்தில் மோதிரம் போடுகிறேன் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டார். அபுதாபியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை மெல்வின், "தங்கமெல்லாம் வேணாம் மாமா, டங்ஸ்டன் போதும், நானே வாங்கிக்கிறேன்" என்று போனிலேயே முடித்துவிட்டான். கீரனூரில் இயற்பியல் வாத்தியாராக இருப்பவருக்கா டங்ஸ்டன் தெரியாது? குண்டு பல்புக்குள் கிடக்கிற கம்பி! அதையா தன் மகள் ஊர் பார்க்க ஒருவன் விரலில் போட வேண்டும்?

மதியம் கல்யாணச் சேலைப் பெட்டியோடு அந்த மோதிரமும் வந்தது. "இதுக்குப் பேரு மோதிரமா? பைப்புல மாட்டுற வாசர்!" என்று திட்டிக்கொண்டே விரலில் போட்டுப் பார்த்தார். போனது. வரவில்லை.

நல்லவேளை, சோபியா அழகு நிலையத்துக்குத் திருச்சி போயிருந்தாள். அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று மனைவிக்குக் கட்டளை போட்டுவிட்டு, சோப்பைக் குழைத்து இழுத்தார். தோல்தான் வழன்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்ங்க."

"எதுக்கு? சூடு பண்ணுனா உலோகம் விரியும். வெந்நி கொண்டா!"

பொறுக்கிற சூட்டுக்கு ஒரு பங்கு மேலேயே இருந்த வெந்நீரில் கையை விட்டார். உலோகங்களிலேயே மிகக் குறைவாக விரிவது டங்ஸ்டன்தான். பாடம் நடத்துகிற வாய்க்கு அது தெரியும், கோபத்துக்குத் தெரியுமா? மோதிரம் அப்படியே இருந்தது. விரல்தான் உப்பிக் கத்தரிக்காய் ஆனது.

"அடியாத்தே, கையை அவிக்கிறாரே!" என்று கத்தினாள் வியாகுலமேரி.

அவளைப் பைக்கின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஓட்டாத குறையாக, கடைத்தெருவில் நல்லதம்பியின் நகைப் பட்டறைக்குப் போனார். நல்லதம்பி சின்ன ரம்பத்தை வைத்து நாலு இழுப்பு இழுத்தார். ரம்பத்தில் பல்லைக் காணோம்.

"என்ன எழவு உலோகம் சார் இது! லேசா ஊதி உருக்கிப் பார்ப்பமா?"

"உருக்கப் போறியா? டங்ஸ்டன் உருக மூவாயிரத்து நானூறு டிகிரி வேணும்யா! அதுக்குள்ள நான் சாம்பலாயிருவேன். கல்யாணத்தையும் கருமாதியையும் ஒரே பந்தியில முடிச்சுக்கலாம்!"

விரல் நீலம் பாரித்துவிட்டது. அடுத்து லேத்துப் பட்டறை. வெற்றிசெல்வன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது அறுபடாது சார். ஒடைக்கத்தான் முடியும்."

"ஒடைக்கவா? நாளைக்கு மாப்பிள்ளை மொகத்துல எப்படி முழிப்பேன்? எம்புள்ள பாதிரியார் முன்னால வெறுங்கையோட நிக்கணுமா?"

"வெரல் இல்லாம நீங்க நிக்கிறதுக்கு அது தேவலாம்," என்றாள் வியாகுலமேரி. "ஒடைங்க தம்பி."

குறடு வாயை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். 'டிக்' என்றது. மோதிரம் மூன்று துண்டாக விழுந்தது. விரலுக்கு உயிர் வந்தது, மனுஷனுக்குப் போய்விட்டது. இத்தனைக்கும் காரணம் அந்த அபுதாபிக்காரன்தானே என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மாப்பிள்ளையின் தம்பி லியோ நிற்கிறான். கேள்வி வருவதற்குள் நாமே பாய்ந்துவிடுவதுதான் நல்லது என்று முடிவு செய்தார் சந்தனராஜ்.

"வாங்க தம்பி, வாங்க! பாருங்க ஒங்க அண்ணன் வாங்குன லட்சணத்த!" துண்டுகளை அவன் உள்ளங்கையில் கொட்டினார். "டங்ஸ்டனாம் டங்ஸ்டன்! தொட்டதும் மூணு துண்டு! கடைக்காரன் நல்லா ஏமாத்திக் கட்டிவிட்டிருக்கான். நாளைக்கு எம்மக எதைப் போடுவா? இதை வாங்குனவனுக்கு அறிவு வேணாம்?"

லியோ துண்டுகளையும் அவருடைய வீங்கிய விரலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணன் மோதிரத்தைக் கோயில்ல குடுத்துட்டுத்தான் மாமா வாரேன். இது ஒங்களுக்கு. 'வருசக்கணக்கா டங்ஸ்டனைப் பத்திப் பாடம் நடத்துறாரு, அப்பா ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்ல'ன்னு சோபியா மதினிதான் பெட்டியில கெடக்குற ஒங்க பழைய கல்யாண மோதிர அளவைக் குடுத்து வாங்கச் சொன்னாங்க. இன்னைக்குச் சாயந்தரம் அவங்களே ஒங்க வெரல்ல போட்டுவிடுறதா இருந்துச்சு."