கோல்ஃப் மட்டையை வந்து எடுத்துக்கொண்டு போகவும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சானுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நீயும் வீட்டிலுள்ளவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். முதல் வரியிலேயே பொய் எழுதக் கை வரவில்லை. உன் அக்காவுக்குக் கோபம், எனக்கு இடுப்பு வலி, பையன் இன்னும் அறையை விட்டு வெளியே வரவில்லை. மற்றபடி சௌக்கியம்தான்.

போன தடவை வந்தபோது நீ சொன்ன யோசனையை நினைத்துப் பார். "அத்தான், அவனுக்குப் புத்தி சொல்லாதீங்க, கதவைத் தட்டாதீங்க. அவனுக்குக் கோல்ஃப்னா உயிரு. நீங்க அவன் ஜன்னலுக்கு நேரா தோட்டத்துல நின்னு சும்மா பந்தைத் தட்டிட்டிருங்க. தானா வருவான் பாருங்க" என்றாய். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறோம் என்று அவனை அனுப்பிய நாளிலிருந்து, சாப்பாட்டுத் தட்டு உள்ளே போவதும் பாதி காலியாகி வெளியே வருவதும்தான் அவன் இருப்பதற்கு அடையாளம். எதைக் கேட்டாலும் "ம்". அந்த "ம்" கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டால் உன் அக்கா அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். தன்னுடைய மட்டைகளை எல்லாம் வேலை போன கையோடு யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். அதனால் நீ உன் பழைய மட்டை ஒன்றையும் ஒரு பை நிறையப் பந்தையும் கொண்டுவந்து என் தலையில் கட்டிவிட்டு, உனக்கென்ன, பஸ் ஏறிவிட்டாய்.

தூரமாக அடிப்பதெல்லாம் நம் தோட்டத்தில் நடக்காது, குழிக்குப் பக்கத்தில் வந்த பந்தை லேசாகக் கிளப்பிப் போட்டு உருளவிடுகிற சிப்பிங் மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்றாய். லேசாம்! போனில் ஒரு வாத்தியார் வருகிறார், பார்த்திருப்பாய். காலை நெருக்கி வை, பந்து வலது கால் பக்கம் இருக்கட்டும், கை பந்துக்கு முன்னால் இருக்கட்டும், உடம்புப் பாரத்தை இடது காலில் போடு, மணிக்கட்டை மடக்காதே, பந்தை நீ தூக்கப் பார்க்காதே, அதை மட்டை பார்த்துக்கொள்ளும், தலையை நிமிர்த்தாதே என்று அடுக்கிவிட்டு, கடைசியில் சிரித்துக்கொண்டே, "ரொம்ப முக்கியம், இயல்பா இருங்க" என்கிறார். இத்தனையும் செய்துகொண்டு இயல்பாக இருக்க என்னால் ஆகவில்லை மச்சான்.

அதிலும் என் கால் விஷயம் உனக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொள்பவன் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்த பிரேக்கை மிதித்தே காலம் தள்ளியவன் நான். ஏதோ ஆபத்து என்று பட்டால் என்னைக் கேட்காமலே வலது கால் மிதித்துவிடும். மட்டை பந்தை நெருங்கும்போதும் எனக்கு அப்படித்தான் படுகிறது. டக்கென்று ஒரு மிதி! இடது காலில் இருக்க வேண்டிய பாரம் மொத்தமும் வலது காலுக்குப் போய்விடுகிறது, மட்டை பந்துக்கு முன்னாலேயே மண்ணைத் தோண்டுகிறது, இல்லையென்றால் பந்தின் மண்டையில் பட்டு அது தரையோடு தரையாக ஓடுகிறது. வாயாவது சும்மா இருக்கிறதா? "மெதுவா, மெதுவா, பாத்து, பாத்து!" என்று பந்தைப் பார்த்துக் கத்துகிறேன். உன் அக்கா தக்காளிப் பாத்தியை வந்து பார்த்துவிட்டு, "உழுறதுன்னா முன்னாடியே சொல்லுங்க, நான் விதையாவது தூவி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பந்து விழ வேண்டிய இடத்தில் ஒரு துண்டை விரித்து வைத்துக் குறி பார்க்கச் சொன்னார் வாத்தியார். நான் விரித்தது அவள் பீரோவில் பத்திரமாக வைத்திருந்த துண்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? அதன் மேல் இதுவரை ஒரு பந்துகூட விழவில்லை, ஆனாலும் திட்டு விழுந்தது.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைத் தெரியுமல்லவா, வீட்டோடு கிளினிக் வைத்திருப்பவர்? ஒரு பந்து தவறிப்போய் உயரக் கிளம்பி, அவர் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தகரக் கூரையில் போய் இடி மாதிரி விழுந்தது. நோயாளி துள்ளி எழுந்துவிட்டாராம். டாக்டர் கையுறையோடு சுவருக்கு மேல் தலையை நீட்டி, "சார், நான் எடுத்தது சரியான பல்லுதான். ஆனா அவரு நம்ப மாட்டேங்கறாரு. நீங்களே வந்து சொல்லுங்க" என்றார். நான் என்ன செய்வேன்? போய், அந்த மனுஷனை வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துவிட்டு, "சரியான பல்லுதாங்க" என்று சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் பலமுறை அவர் வாசலில் போய் நின்றாயிற்று. இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் அவரே பந்தை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்.

இந்தக் காலை எப்படியாவது அடக்க வேண்டுமே என்று நேற்று வலது குதிகாலைத் தூக்கி, நுனிவிரலில் நின்று அடித்துப் பார்த்தேன். அப்போதும் மிதித்தது. மிதிக்கத் தரை இல்லாமல் அப்படியே கொடியில் காய்ந்த போர்வையோடு சுருண்டு விழுந்தேன். உன் அக்கா ஓடி வந்து போர்வையைத்தான் முதலில் தூக்கினாள்.

இதெல்லாம் போகட்டும். பையன் ஜன்னலுக்கு நேராகத்தான் இத்தனை கூத்தும். ஆரம்பத்தில் ஒருநாள் ஜன்னல் திரை அசைந்தது. நானும் உன் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பார்த்தால் ஃபேன் காற்று. நேற்று நான் விழுந்த பிறகு ஜன்னல் கதவையே சாத்திக்கொண்டான். மச்சான், எனக்கு அலுத்துவிட்டது. கை கால் நடுங்கியவர்களை எல்லாம் தைரியம் சொல்லி நடுரோட்டில் வண்டி ஓட்ட வைத்தவன் நான். என் பிள்ளையை அறையிலிருந்து கூடத்துக்கு வரவைக்க எனக்குத் துப்பில்லை. ராத்திரி படுத்தால் இது ஒன்றுதான் நினைப்பு. அதனால் தயவுசெய்து இந்த வாரமே வந்து உன் மட்டையை எடுத்துக்கொண்டு போய்விடு. வேறு யோசனை இருந்தால் உன்னோடே வைத்துக்கொள்.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல், நீண்ட ஆயுளோடு, கோல்ஃப் பக்கமே போகாமல் நன்றாக இருக்க ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மட்டையை எடுக்க வர வேண்டாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மட்டையைத் துடைத்துக் கட்டிவைக்கலாம் என்று தோட்டத்துக்குப் போனேன். கடைசியாக ஒன்று அடித்துப் பார்ப்போமே என்று அடித்தேன்; வழக்கம்போல மண். பின்னாலிருந்து ஒரு குரல். "அப்பா, போதும்ப்பா, அதைக் கீழ வைங்க. பாக்க முடியலன்னுதான் ஜன்னலைச் சாத்தினேன், சத்தத்தைக் கேட்டாலே தப்பு தெரியுது. அந்தக் காலை ஏம்ப்பா மிதிக்கிறீங்க?" தாடியும் அவனுமாக நிற்கிறான். இவ்வளவு நீளமாக அவன் பேசி எத்தனை நாளாயிற்று! மட்டையைப் பிடுங்கி, "இப்படி" என்று ஒரு தட்டுத் தட்டினான். பழக்கம் விட்டுப்போன கை, கொஞ்சம் பலமாகப் பட்டுவிட்டது. பந்து அழகாக எழும்பி, சுவரைத் தாண்டி, டாக்டரின் ஜன்னல் கண்ணாடிக்குள் போய்விட்டது. "பரவாயில்லடா, நான் போய்ப் பேசிட்டு வரேன், எனக்குப் பழக்கம்தான்" என்றேன். "நான்தானேப்பா உடைச்சேன், நானும் வரேன்" என்றான். உன் அக்கா அடுப்பங்கரையில் அழுதுகொண்டே என்னைத் திட்டுகிறாள். அவன் முகம் கழுவி, சட்டை மாற்றி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறான். "வாங்கப்பா, எவ்வளவு நேரம்" என்று கூப்பிடுகிறான். மீதியைப் பிறகு எழுதுகிறேன், நான் போக வேண்டும்.