பந்தையும் நம்பாத ஐமிச்சம்

புத்தளத்தில் வானிலை அறிவிப்பை நம்பாதவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பந்து உருண்டையானது என்பதை நம்பாதவள் நான் அறிய ஒருத்திதான். ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் பந்தை வாங்கித் தரையில் வைத்து மெல்ல உருட்டிவிட்டு, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். அது நேராகப் போனால்தான் விளையாட்டு. எங்கள் பயிற்சியாளர் யாழ்ப்பாணத்துக்காரர். சந்தேகத்துக்கு அவர் ஊரில் ஐமிச்சம் என்று சொல்வார்கள். அதையே அவளுக்குப் பெயராக வைத்துவிட்டார். வீட்டில் வைத்த பெயரை நாங்கள் எல்லோரும் மறந்தே போனோம்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் எங்கள் ஊரில் பெண்களுக்கென்று ஓர் உதைபந்தாட்ட அணி தொடங்கினார்கள். நான் அதில் இரண்டாவது கோல் காப்பாளர். அதாவது, மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தல்களைக் காப்பவள். ஐமிச்சம் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வருவாள். வெங்காயத் தோட்டத்து மணலில் அண்ணன்மாரான நானாமாரோடு விளையாடிப் பழகியவள். தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி, கணுக்கால் வரைக்கும் காற்சட்டை, கையில் சொந்தப் போத்தல். நான் காத்த தண்ணீரில் ஒரு மிடறுகூட அவள் குடித்ததில்லை. முதலில் எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. பிறகு கவனித்தால், வீட்டில் தானே நிரப்பிய போத்தலையும் மணந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். அதற்குப் பிறகு மனம் ஆறிவிட்டது.

ஆனால் மத்தியகளத்தில் ஆடுகிறவளுக்கு இந்த வியாதி பெரிய சொத்து. மற்றவர்கள் பந்தைப் பார்த்து ஓடுவார்கள். இவள் ஆட்களைப் பார்த்து ஓடுவாள். பந்து வருவதற்குள் இடத்தோளுக்கு மேலால் ஒரு பார்வை, வலத்தோளுக்கு மேலால் ஒரு பார்வை. யார் எந்தப் பக்கத்தால் களவாக வருகிறாள் என்பது எல்லாம் தெரிந்துவிடும். காலில் பட்ட பந்து அடுத்த கணமே ஆளில்லாத இடத்துக்குப் போகும். அங்கே எங்கள் அணியில் ஒருத்தி சரியாகப் போய்ச் சேர்வாள்.

சிலாபத்தில் ஒரு போட்டி. நல்ல வேகத்தில் பந்தோடு போய்க்கொண்டிருந்தவள் திடீரென்று நின்று, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவரிடம் போனாள். எதிரணியில் பன்னிரண்டு பேர் ஆடுகிறார்கள் என்று சிங்களத்தில் முறையிட்டாள். நடுவர் சிரித்துக்கொண்டே எண்ணினார். பதினொன்று வந்தது. அவள் விடவில்லை, திரும்ப எண்ணச் சொன்னாள். பன்னிரண்டு வந்தது. மாற்று வீராங்கனை உள்ளே போயிருக்கிறாள், வெளியே வரவேண்டியவள் வர மறந்துவிட்டாள். அந்த அணியின் தலைவிக்கே அது தெரியாது. அன்றிலிருந்து எதிரணி சாப்பிட உட்கார்ந்தாலும் ஐமிச்சம் ஒரு தடவை எண்ணிப் பார்ப்பாள்.

புத்தளத்தில் கழுதைகள் மைதானத்துக்குள் வந்து நிற்பது புதினம் இல்லை. ஒரு போட்டியில் எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கழுதை அசையாமல் நின்றது. அது எதிரணிக்கு வேண்டப்பட்டது, எங்கள் பக்கத்தை நோட்டம் பார்க்கிறது என்று ஐமிச்சம் சொன்னாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இடைவேளைக்குப் பிறகு நாங்கள் பக்கம் மாறினோம். கழுதையும் ஆறுதலாக நடந்து வந்து எங்கள் கம்பத்துக்குப் பின்னால் நின்றது. நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

அவளுடைய ஆட்டம் கொழும்பு வரைக்கும் போனது. ஒரு கழகம் சம்பளம் கொடுத்து இரண்டு வருடம் ஆடவைத்தது. அதைப் பார்த்து மாலைதீவிலிருந்து ஒரு கழகம் கடிதம் அனுப்பியது. விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தருவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம். கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வெறுங்கையால் தொடப் பயந்தவள் மாதிரி, அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் என்னிடம் கொண்டுவந்தாள். நான் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வாசித்துச் சொன்னேன். கடிதம் முழுக்கப் புகழ்ச்சி.

"ராத்தா, இவ்வளவு நல்லதாச் செல்லுறாங்க. எனக்குப் பயமா இரிக்கி" என்றாள்.

இந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சாச்சி என்று கூப்பிடும் அவளுடைய உம்மாவைத் தையல் வேலை என்று சொல்லித்தான் வளைகுடாவுக்கு அனுப்பினார்கள். போய் இறங்கியதும் பாஸ்போட்டை வாங்கிப் பூட்டிவிட்டு, பதினான்கு பேர் உள்ள வீட்டில் சமையலுக்கு விட்டார்கள். இரண்டு வருடம் மகளின் குரலைக்கூடக் கேட்கவிடவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தவர் முதல் வேலையாகத் தன் பாஸ்போட்டைக் கிழித்து அடுப்பில் போட்டார். மகளுடையதை அலுமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார்.

வியாழக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்தே அந்தக் கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். முதலில் பேசியவர் முகாமையாளர். வலப்பக்கப் பின்கள ஆள் முன்னுக்குப் போனால் மத்தியகள ஆள் எங்கே நிற்கவேண்டும் என்று கேட்கச் சொன்னாள் ஐமிச்சம். அவர் மீன் ஏற்றுமதி செய்கிறவராம். எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்று தாராளமாகச் சொன்னார். அவள் என்னை அர்த்தத்தோடு பார்த்தாள். சாச்சி இடுப்புச் சாவியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். கழகத்தின் பயிற்சியாளரிடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

பயிற்சியாளர் வந்ததும் ஏசத் தொடங்கினார். கொழும்புப் போட்டியில் கடைசி இருபது நிமிடம் இவள் நடுவை விட்டு இடப்பக்கம் ஓடிப்போனாளாம். விட்டுப்போன அந்த ஓட்டையால்தான் கோல் விழுந்ததாம். இடக்கால் இருப்பது நடப்பதற்கு மட்டும்தானா என்றும் கேட்டார். நான் சங்கடப்பட்டு, இடக்காலைக் கொஞ்சம் கவனிக்கட்டாம் என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

"அந்தாள் அஞ்சு நிமிஷம் கத்தினாரே. உள்ளதச் செல்லுங்க ராத்தா."

உள்ளதைச் சொன்னேன். அவளுடைய முகம் பெருநாள் காலை மாதிரி ஆகிவிட்டது.

"உம்மா, இவர் நெசமான ஆள். வீட்டு வேலைக்குக் கூப்பிடுறவன் எண்ட எடக்கால ஏன் ஏசுறான்?"

சாச்சி அசையவில்லை. "எத்தன பேருக்குச் சமைக்கணுமாம்? அதக் கேளுங்க டீச்சர்."

கேட்டேன். சமைக்க வேறு ஆள் இருக்கிறது, இவள் சாப்பிட்டுவிட்டு ஓடினால் போதும் என்றார் பயிற்சியாளர். சாச்சி எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். பாஸ்போட்டை எடுத்து மகளின் கையிலேயே கொடுத்து, இதை ஒருவரிடமும் கொடுக்காதே என்றார். சொல் தட்டாத பிள்ளை. விமான நிலையத்தில் முத்திரை குத்த வாங்கிய அதிகாரி திருப்பித் தரும்வரை, அதன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம்.

அங்கே மூன்று பருவம் ஆடினாள். இடக்காலாலும் கோல் போட்டாள் என்று கேள்வி. எனக்கு மறக்காதது அவள் போன முதல் வாரம்தான். ஒரு படம் அனுப்பியிருந்தாள். நீள மேசை, மீன் கறி, சுற்றிக் கதிரைகளில் உட்கார்ந்த அணிப் பெண்கள். ஒரு பெண் மட்டும் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். சாச்சி என் தொலைபேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாக விரலால் தேடினார்.

"எண்ட புள்ள கதிரையில இரிக்கிறா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு விரல் அந்த நின்றவளிடம் போய் நின்றது. "இந்தப் புள்ள சாப்பிட்டாளாண்டு கேளுங்க டீச்சர்."

உடனே அழைப்பு எடுத்துக் கேட்டேன்.

"சாப்பிட்டா ராத்தா. நான் வந்த அண்டே விசாரிச்சிட்டன். அவட பாஸ்போட்டும் அவட கையிலதான் இரிக்கி. எடுத்துக் காட்டச் செல்லிப் பாத்தன். உம்மாட்டச் செல்லுங்க."

சொன்னேன். சாச்சி அழுதார், நானும் சேர்ந்து அழுதேன். இன்றைக்கும் யாராவது அவளைச் சந்தேகப் பிராணி என்று கேலி பண்ணினால், எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.