வெண்டைக்காய்க் காகிதம்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த அடுத்த பெரிய காரியம், வைக்கோலை மாட்டின் வாயிலிருந்து மீட்க ஒரு மையம் திறந்ததுதான். 'வேளாண் கழிவுக் காகித மேம்பாட்டு உயர் மையம்' என்று அதற்குப் பெயர். பலகையின் நீளத்துக்குக் கட்டடம் பத்தவில்லை. 'மையம்' மட்டும் சுவரைச் சுற்றிக்கொண்டு கக்கூஸ் பக்கம் போய்விட்டது.

அங்கே தற்காலிக ஆய்வாளராக இருந்தவர் வெண்டைக்காய் மேடம். வெறும் வைக்கோல் கூழில் செய்த தாள் தொட்டாலே கிழிந்தது. மரவள்ளி மாவு கலந்தார்; விறைத்ததே தவிர, மடித்த இடத்தில் ஒடிந்தது. பிறகு வெண்டைக்காயை ஊறவைத்து, அந்தக் கொழகொழப்பை வடிகட்டிக் கூழில் ஊற்றினார். நார் திட்டுத்திட்டாகச் சேராமல் ஒரே சீராகப் பரவியது. மிச்ச வெண்டைக்காய் வீட்டுக்குப் போனது. அவர் கணவர் இப்போதெல்லாம் சாப்பிட உட்காரும்போதே பெருமூச்சு விடுகிறார்.

கடைசியில் இழுத்தாலும் முறுக்கினாலும் கிழியாத ஒரு தாள் வந்தேவிட்டது. மேடம் சந்தோஷத்தில் அலமாரி நிறையச் செய்து அடுக்கினார். நிபுணர் குழு பார்த்துத் தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு, மேடத்துக்கு வீடு.

இயக்குநர் தொலைநோக்கு உள்ளவர்; பக்கத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. வெண்டைக்காயை நம்பிக் குழுவின் முன் நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

"ஒரு தடவை நீங்களே இழுத்துப் பாருங்க சார்," என்றார் மேடம்.

"நான் இழுத்து அது கிழிஞ்சுபோனா? அந்தப் பாவம் எனக்கெதுக்கு மேடம்?"

குழுவுக்குக் காட்ட, ஆபீஸில் இருந்த வெளிநாட்டுக் காகிதக் கட்டுகள் அத்தனையையும் பிரித்து, டீத் தண்ணீரில் முக்கிக் கொடியில் காயப்போடச் சொன்னார். வைக்கோல் நிறம் அச்சு அசலாக வந்தது. தேயிலையும் 'இயற்கைச் சேர்பொருள்'தான் என்றொரு கோட்பாட்டையும் அங்கேயே நிறுவினார். வேலை போய்விடுமே என்று மேடமும் ஈரத் தாள்களைக் கொடியில் போட்டார்.

குழு வந்தது. பிஸ்கட்டை ஆழ்ந்து பரிசீலித்தது. பிறகு தலைவர் டீ நிறத் தாளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பர்ரென்று கிழிந்தது.

"வைக்கோல் வைக்கோல்தான். என்ன இருந்தாலும் வெளிநாட்டுத் தாள் மாதிரி வருமா?"

இயக்குநர் கனத்த இதயத்தோடு ஆமோதித்தார். மேடம் ஏதோ சொல்ல எழுந்தபோது, பிஸ்கட் தட்டை அவர் கையில் கொடுத்து ஒரு சுற்று வரச் சொன்னார்.

மறுநாளே பணிநீக்க உத்தரவு தயார். அச்சடிக்கத்தான் ஆபீஸில் வெள்ளைத் தாள் இல்லை. எல்லாம் டீ குடித்துவிட்டிருந்தன. கிளார்க், பூட்டப்போகிற ஆய்வுக்கூடத்து அலமாரியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்து வேலையை முடித்தார்.

மேடம் படித்தார். வந்த ஆத்திரத்தில் இயக்குநரின் எதிரிலேயே அதைக் கிழிக்கப் போனார். கிழியவில்லை. ஓரத்தைத் தடவிப் பார்த்தார். வடிகட்டிக்குத் தப்பிய ஒரு வெண்டை விதை அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தாளை மேஜைமேல் வைத்தார்.

"இப்பவாவது இழுத்துப் பாருங்க சார்."

இயக்குநர் இழுத்தார். எழுந்து நின்று இழுத்தார். நாற்காலி நகர்ந்ததே தவிர உத்தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்து, தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி கிளார்க்கைக் கூப்பிட்டார்.

"அருமையான தாள்யா! இது எந்த நாட்டுச் சரக்கு? இனிமே வேலையை விட்டு அனுப்புற உத்தரவுக்கெல்லாம் இதையே வரவழைச்சிடு."