பியற்றிஸ் தந்த மஞ்சள் குஞ்சுகள்

"அம்மா, இதிலை மாடு இருக்கு."

மகள் தக்ஷிகா இதைச் சொன்னபோது சிவனேஸ்வரி மூன்றாவது கோழிக்குஞ்சின் தலையைக் கடித்து வாயில் கரையவிட்டுக்கொண்டிருந்தாள். பயப்பட வேண்டாம், உயிருள்ள குஞ்சில்லை. மார்ஷ்மெல்லோவில் செய்து மஞ்சள் சீனி பூசிய குஞ்சு. ஈஸ்டருக்கு ஆறு கிழமை முந்தி லண்டன் கடைகளில் வந்து குந்தும். ஈஸ்டர் முடிந்ததும் போன இடம் தெரியாது. வருசம் முழுக்கக் கிடைத்தால் ஒருவரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். கிடைக்காத மாதங்களில்தான் சிவனேஸ்வரிக்கு அதில் ஆசை ஏறும்.

"எங்கை மாடு?"

"பெட்டியிலை போட்டிருக்கு. பீஃப் ஜெலட்டின். மாட்டின்ரை எலும்பையும் தோலையும் அவிச்சு எடுக்கிறது. ஸ்கூல்ல படிச்சனாங்கள்."

தலை ஏற்கெனவே தொண்டைக்குழி தாண்டியிருந்தது. சிவனேஸ்வரி ஓடிப்போய்க் குசினித் தொட்டியில் வாயைக் கொப்பளித்தாள். அது போதாதென்று மஞ்சள் தூளைக் கரைத்து வாயில் ஊற்றினாள். நாக்கும் பல்லும் மஞ்சளாகியதுதான் கண்ட பலன்.

விசயம் சின்னதில்லை. ஆறு வருசத்துக்கு முந்தி அவளுடைய கணவர் குகதாசனுக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். "இந்த மனுசன் எழும்பி நடந்தால் சாகுமட்டும் மச்சம் தொடமாட்டன், பிள்ளையாரே" என்று அவள் ஆஸ்பத்திரி வாசலில் நேர்ந்துகொண்டாள். மனுசன் மூன்றாம் நாள் எழும்பி நடந்து, சாப்பாடு சரியில்லையென்று சண்டையும் பிடித்தார். அன்றோடு அவளுக்கு மீனில்லை, இறைச்சியில்லை, முட்டை போட்ட கேக்குமில்லை.

பக்கத்து வீட்டு பியற்றிஸ் மன்னார்க்காரி. பிளேஸ்டோவுக்குக் குடிவந்த நாளிலிருந்து சிநேகிதி. அவளுடைய நண்டுக் கறிக்காகவே சிவனேஸ்வரி முந்தி மதில் தாண்டிப் போவாள். நேர்த்திக்குப் பிறகு அந்த வீட்டில் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. மச்சம் புழங்கும் குசினியல்லவா. "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பாள். பியற்றிஸும் வற்புறுத்துவதில்லை.

ஆனால் ஈஸ்டருக்கு பியற்றிஸ் கொண்டுவரும் இரண்டு பெட்டிக் குஞ்சை மட்டும் அவள் விடவில்லை. அது கடைச் சாமான். கடைச் சாமானில் என்ன மச்சம் என்பது அவளுடைய சட்டம். இன்னுமொன்று, நேர்த்தி வைத்த வருசத்திலிருந்து அந்தக் குஞ்சுகள் முந்தி இருந்ததைவிட மெத்தென்று, வாயில் வைத்தவுடன் கரைந்தன. "விரதம் இருந்தால் நாக்கும் சுத்தமாகுது" என்று பியற்றிஸுக்கே அவள் விளக்கம் சொல்லியிருக்கிறாள். பியற்றிஸ் சிரித்ததோடு சரி.

இன்றைக்கு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் குகதாசனின் இதயத்தை ஸ்கான் செய்து பார்க்கப் போகிறார்கள். வருசாவருசம் பார்ப்பதுதான். ஆனால் ஆறு வருசமாக மாடு தின்றிருக்கிறேன் என்று இன்றைக்குத்தானே தெரியவேண்டும். நேர்த்தி முறிந்தால் அந்த நெஞ்சு என்ன பாடுபடும்?

"அப்பாட்டை மூச்சு விடாதை, பிள்ளை."

கதவைச் சாத்திக்கொண்டு கோயில் குருக்களுக்குப் போன் எடுத்தாள்.

"ஐயா, நேர்த்தியை முறிச்சுப்போட்டன். தெரியாமல் தின்னிட்டன்."

"என்னத்தை?"

"கோழிக்குஞ்சு, ஐயா."

"எத்தினை?"

"வருசத்துக்கு இருபத்திநாலு. ஆறு வருசமா."

"முழுசாவோ அம்மா?"

"தலையைத்தான் முதல் கடிக்கிறனான்."

சீனிக் குஞ்சு என்று விளங்கப்படுத்திய பிறகுதான் குருக்களுக்கு மூச்சு வந்தது. தெரியாமல் செய்தது பிழையில்லை, மன ஆறுதலுக்கு இன்றைக்கு ஒரு நேரம் சாப்பிடாமல் இருங்கள் என்றார். சிவனேஸ்வரிக்கு அது காணாது. பச்சைத் தண்ணியும் பல்லில் படாமல் இருப்பது என்று தானே முடிவெடுத்தாள். அதோடு, பிள்ளையார் படத்துக்கு முன்னால் நூற்றெட்டுத் தரம் விழுந்து கும்பிடத் தொடங்கினாள்.

முப்பத்தொன்றாவது தரம் விழுந்தவளால் எழும்ப ஏலவில்லை. இடுப்புப் பிடித்துவிட்டது.

குகதாசன் கோட்டும் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "இஞ்சை என்ன செய்யிறாய்?"

"தோடு விழுந்திட்டுது. தேடுறன்."

"ரண்டு காதிலையும் தோடு கிடக்கு."

"அப்ப அம்பிட்டிட்டுது."

தைலம் பூசி, தூக்கி நிமிர்த்துவதற்குள் பஸ்ஸும் போய்விட்டது. குகதாசன் உடனே பியற்றிஸின் கணவர் சூசைதாசனைக் கூப்பிட்டார். டாக்ஸி ஓட்டுகிறவர், நல்ல மனுசன். ஆனால் இந்த ஒரு நாள் அந்த வீட்டாரின் முகத்தில் முழிக்காமல் இருக்க சிவனேஸ்வரி எதையும் கொடுத்திருப்பாள். பெட்டியிலே எழுதியிருந்ததை பியற்றிஸாவது வாசித்திருக்கலாமே என்று உள்ளுக்குள் கோபமும் வந்தது.

"அக்காவுக்கு முகம் வாடிக் கிடக்கு. தண்ணி குடியுங்கோவன்" என்று கார் ஓட்டிக்கொண்டே சூசைதாசன் போத்தலை நீட்டினார்.

"வேண்டாம் தம்பி. இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

"நான் குடிக்காமல் ஏலாது. ஈஸ்டர் வந்தால் எனக்குச் சுகர் ஏறுது. ஏனெண்டு டொக்டருக்கும் விளங்கேல்லை."

ஆஸ்பத்திரியில் ஹீட்டரைக் கூட்டி வைத்திருந்தார்கள். வெறும் வயிறு, காய்ந்த தொண்டை, பிடித்த இடுப்பு. உள்ளே குகதாசனைக் கட்டிலில் படுக்கவைத்து நெஞ்சில் வயர் ஒட்டும்போது, பக்கத்துக் கதிரையில் இருந்த சிவனேஸ்வரி அப்படியே சரிந்தாள். அதைக் கண்ட குகதாசனின் மெஷின் கீக்கீயென்று கத்தத் தொடங்கியது. தாதி ஒருத்தி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று யாரை முதலில் பார்ப்பதென்று தடுமாறினாள்.

பிறகு, சாப்பிடாமல் வந்த முகம் என்று கண்டுபிடித்து, மேசையில் ஈஸ்டருக்காக வைத்திருந்த கிண்ணத்தில் கையை விட்டு எதையோ எடுத்து சிவனேஸ்வரியின் வாயில் திணித்தாள்.

கண் திறந்தபோது அவள் பாதியை விழுங்கியிருந்தாள். மஞ்சள் குஞ்சு.

"முழுக்கச் சாப்பிடு" என்று தாதி ஆங்கிலத்தில் அதட்டினாள். சிவனேஸ்வரி கண்ணீரோடு மென்றாள். எவ்வளவு மென்றும் இறங்கவில்லை, ரப்பர் மாதிரி. நேர்த்தி முறிந்ததும் நாக்கின் சுத்தமும் போய்விட்டது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

அரை மணித்தியாலம் கழித்து டொக்டர் வந்தார். குகதாசனின் இதயம் நல்லாயிருக்கிறது, தன்னுடையதைவிட நல்லது, இனி இரண்டு வருசத்துக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சிரித்தார். சிவனேஸ்வரியால் நம்ப ஏலவில்லை. மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் அதே பதில்தான்.

காரில் ஏறியதும் அவள் உடைந்து அழுதுவிட்டாள். நேர்த்தி, ஜெலட்டின், குருக்கள், தோடு எல்லாம் வெளியே வந்தன. "உங்களுக்கு ஏதாவது நடந்தால் அது நான் தின்ன குஞ்சாலைதான் எண்டு செத்துப் பிழைச்சனப்பா."

குகதாசனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

சூசைதாசன் காரை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"அக்கா, நான் சொன்னனெண்டு பியற்றிஸுக்குத் தெரியக்கூடாது. நீங்கள் தின்னது கடைக் குஞ்சில்லை. அவ சைனா கிராஸ் போட்டு வீட்டிலை செய்யிறவ. கடற்பாசி. எலும்புமில்லை, முட்டையுமில்லை. உங்களுக்கெண்டு புதுச் சட்டி, புது அச்சு, எல்லாம் தனிய வைச்சிருக்கிறா."

"பெட்டி கடைப் பெட்டியல்லோ?"

"பெட்டி கடையிலைதான் வாங்கிறது. எங்கட குசினியிலை செய்தது எண்டு தந்தால் நீங்கள் தின்னுவியளே?"

சிவனேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருசமாகத் தான் சொன்ன "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்குள்ளும் நெஞ்சு காற்றாக லேசாகிக்கொண்டே போனது. நேர்த்தி முறியவில்லை. மனுசன் பக்கத்தில் குத்துக்கல்லாக இருக்கிறார்.

"அப்ப தாதி என்ரை வாயிலை தீத்தினது?" என்று கேட்டாள்.

"அது மருந்து. மருந்துக்குப் பிள்ளையார் கணக்குப் பாக்கமாட்டார்" என்றார் குகதாசன்.

"தம்பி, நேரே உங்கட வீட்டை விடும். பியற்றிஸின்ரை கையாலை ஒரு தேத்தண்ணி குடிக்கவேணும்."

கார் நகர்ந்தது. கொஞ்சத் தூரம் போனதும் குகதாசனுக்கு ஏதோ உறைத்தது.

"சூசை, பெட்டிக்குள்ளை முதல் இருந்த கடைக் குஞ்சுகளை என்ன செய்யிறனீங்கள்?"

சூசைதாசன் தண்ணிப் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"சாப்பாட்டுச் சாமானை எறிஞ்சால் பாவம் எண்டு அவ சொல்லிப்போட்டா, அண்ணை. அக்காவின்ரை நேர்த்தியை ஆறு வருசமா நான்தான் தின்னுறன்."